தாத்தா விழுந்தது வயதால் அல்ல

சேகர், இதை அப்பாதான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியது என்று நினைத்துவிடாதே. கோடு போட்ட நோட்டில் ஒரு கோடு விட்டு ஒரு கோட்டில் எழுதுகிறேன். ஒரு பக்கம் நிறைய ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. விரல் வலித்தால் பேனாவை வைத்துவிட்டு, தாத்தாவுக்கு வெந்நீர் வைக்கப் போவேன். திரும்பி வந்து எழுதியவரைக்கும் முதலிலிருந்து ஒருமுறை படிப்பேன். நான் எழுதியதை நானே படிப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. படிக்கும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. அப்புறம்தான் விட்ட இடத்தில் தொடர்வேன். அதனால் சொன்னதையே எங்காவது மறுபடி சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ இரண்டு சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

சித்திரை பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து வண்டி எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறாய். தாத்தாவைக் காட்பாடிப் பக்கம் இருக்கும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, என்னை உன்னோடு கூட்டிப் போவது என்று ஏற்பாடு. நல்ல இடம், நர்ஸ் இருக்கிறார்கள், விழுந்தால் தூக்க ஆள் இருக்கிறது என்றாய். நான் சரி என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். சும்மா வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்பாய், ஆவணியில் விழுந்தாரே, மறுபடி விழுந்தால் என்ன செய்வாய் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் ஒரு தப்பை ஒத்துக்கொண்டாக வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இல்லம் என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. எண்பத்தெட்டு வயது மனிதரை எழுபத்தொரு வயது மனிதன் குளிப்பாட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று உனக்குத் தெரியாது. அவரை நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றி, துடைத்து, வேட்டி கட்டிவிட்டு நிமிர்ந்தால் என் இடுப்பு நிமிராது. துணி துவைக்க வேண்டும். கஞ்சி கரைக்க வேண்டும். அவர் கூப்பிட்டுவிட்டு, எதற்குக் கூப்பிட்டோம் என்று மறந்துவிடுவார். அதை நின்று கேட்க வேண்டும். முப்பத்தெட்டு வருடம் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டியில் ஈரத் தோலை இழுத்துப் போட்டபோதுகூட இப்படிக் களைத்ததில்லை. அப்போது சங்கு ஊதினால் வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த வேலைக்குச் சங்கு இல்லை. இதைப் படிக்கும்போது அப்பா ஏதோ பெரிய மனசோடு பேசுகிறார் என்று நினைக்காதே. நான் ரொம்ப அசந்துபோய் எழுதுகிறேன்.

உன் தாத்தா எனக்கு மாமனார். கணியம்பாடியில் நிலம் வைத்திருந்தவர். தோல் கம்பெனிக்காரனுக்குப் பெண் கொடுத்ததில் அவருக்கு ரொம்ப காலம் மனத்தாங்கல். வருடத்துக்கு ஒருமுறை உன் அம்மாவைப் பார்க்க வருவார். வாசலில் நாற்காலி போடச் சொல்லி, தோளில் இருக்கும் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். என் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் டீ குடிப்பார். உன் அம்மா படுத்த படுக்கையானபோது ஒரு மஞ்சள் பையோடு வந்தவர், அவள் போன பிறகும் போகவில்லை. ஒரே பெண், வேறு எங்கே போவார். நானும் போகச் சொல்லவில்லை. நாலு வருடமாக இந்த வீட்டில் இருவரும் அவளுடைய இரண்டு டம்ளரில் காப்பி குடிக்கிறோம். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் எனக்கு மிச்சம் வைக்காமல் குடிப்பது யார் தெரியுமா? என் வீட்டில் தண்ணீர் குடிக்காத அதே மனிதர்தான்.

உன் அம்மா இருந்தவரை எழுத்து சம்பந்தப்பட்ட எல்லாம் அவள் பார்த்துக்கொண்டாள். நீ ஆறாவது படிக்கும்போது ரேங்க் கார்டை ஓடி வந்து என்னிடம் நீட்டினாய். கையில் எண்ணெய் இருக்கிறது, அம்மாவிடம் கொடு என்றேன். நீ என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். கையில் எண்ணெய் இல்லை என்பது உனக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கே எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் நீ ஒன்றும் குறைவாக நினைத்திருக்க மாட்டாய். அதற்குப் பிறகு நீ எதையும் என்னிடம் நீட்டவில்லை. சேகர், உன் பிள்ளைகளிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடு. அந்த ஒரு பொய்யை மறைக்க நான் எத்தனையோ வருடம் பாடுபட்டேன். கடைசியில் அது தாத்தாவைக் கீழே தள்ளிவிட்டது.

எப்படி என்று சொல்கிறேன். கம்பெனியில் ஒவ்வொரு லாட் தோலுக்கும், அதாவது ஒரே கட்டாக வந்த தோலுக்கு, ஒரு அடையாளம் வேண்டும். காகிதம் ஒட்டினால் தண்ணீரில் போகும், மை சுண்ணாம்பில் போகும். அதனால் தோலின் ஓரத்தில் கத்தியால் வெட்டுவோம். ஒரு வெட்டு என்றால் ஒரு லாட், இரண்டு வெட்டு என்றால் வேறு லாட். தொட்டி, தோலைச் சுழற்றும் டிரம், எல்லாம் தாண்டினாலும் வெட்டு அப்படியே இருக்கும். படிக்காத எங்களுக்கு அதுதான் எழுத்து. உன் அம்மா போன பிறகு தாத்தாவின் மாத்திரையை நான் பார்க்க வேண்டி வந்தது. யாரிடமும் கேட்க வெட்கம். மருந்துக் கடைக்காரர் வாயால் சொன்னதை மனதில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் மாத்திரை அட்டையின் மூலையில் கத்தரியால் வெட்டிவிடுவேன். ஒரு வேளை என்றால் ஒரு வெட்டு. இரண்டு வேளை என்றால் இரண்டு வெட்டு. மூன்றரை வருடம் ஒரு தப்பும் வரவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் தோலில் இன்னொரு பழக்கமும் உண்டு. உதவாத ஓரத்தைக் கத்தரித்து எறிந்துவிடுவோம். மாத்திரை தீரத் தீர அட்டையின் காலிப் பக்கத்தை நான் கத்தரித்து எறிந்துகொண்டே வருவேன். ஆவணி மாதம் ஒருநாள் அப்படிக் கத்தரிக்கும்போது இரண்டு அட்டையிலும் வெட்டு இருந்த மூலையே போய்விட்டது. இரண்டும் வெள்ளி அட்டை, இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை. கடைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். இதுதான் அது என்று நானே முடிவு செய்து புதிதாக வெட்டினேன். நாலாவது நாள் காலையில் துணி துவைக்கும் கல் பக்கம் தாத்தா தலை சுற்றி விழுந்தார். நெற்றியில் தையல், இடுப்பில் அடி. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரையெல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டார். போகிறது என்றேன். அப்படியானால் வயதுதான், இனி தனியாக விடாதீர்கள் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். கம்பி வைத்த கட்டில் வாங்கி அனுப்பினாய். வாசலைத் தாண்டக் கூடாது, கொல்லைப்பக்கம் போகக் கூடாது என்று தினமும் போனில் சொன்னாய். பக்கத்து வீட்டு நர்கீஸ் வாரத்துக்கு ஒருமுறை வந்து, பழைய அட்டையையெல்லாம் டப்பாவில் மூடிவிட்டு, புதிய மாத்திரைகளை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்தாள். எனக்கும் உள்ளே எங்கோ உறுத்தியது. உறுத்தலைச் சரிபார்க்கப் படிப்பு இல்லை. புரட்டாசியில் நம் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் போய் உட்கார்ந்தேன். என்னோடு பதினோரு பேர், பத்துப் பேர் பெண்கள். முதல் மாதம் சுவரைப் பிடித்து நடப்பது மாதிரி இருந்தது. தை மாதத்தில் ஒருநாள் பஸ்ஸில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் தானாக என் கண்ணுக்குள் வந்து விழுந்தது. அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் படித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சந்தோஷத்தை உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாசி மாதம் ஊக்கு தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். மருந்துக் கடைக் கவர் ஒன்று இருந்தது. அதில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. இப்போதுதான் எதைப் பார்த்தாலும் படிக்கிறேனே, அதையும் படித்தேன். காலை மட்டும். இரவு வேண்டாம். உள்ளே பாதி அட்டை. அதன் மூலையில் என் கையால் போட்ட இரண்டு வெட்டு. பிரஷர் மாத்திரையை நாலு நாள் இரண்டு வேளை கொடுத்திருக்கிறேன். கடைக்காரர் எழுதித்தான் கொடுத்திருக்கிறார். என் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது. நான் படித்துத் தெரிந்துகொண்ட முதல் பெரிய விஷயம் இதுதான்.

மறுநாள் டாக்டரிடம் போய் ஒளிக்காமல் சொன்னேன். திட்டினார். பிறகு தாத்தாவை வரவழைத்து, படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, படுத்தே கிடந்ததில்தான் கால் சத்து போயிருக்கிறது, பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் தாத்தாவிடம் இதையும் காரணத்தையும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் தினமும் கட்டிலில் இருந்தபடியே, பின்னால் நிற்கும் வேம்பு பூத்துவிட்டதா என்று கேட்பார். இன்னும் இல்லை என்பேன். பூத்துவிட்டது என்று சொன்னால் வெளியே கூட்டிப் போகச் சொல்வாரே. கூட்டிப் போனால் நீ கேட்பாயே. நீ இல்லத்தைப் பற்றிச் சொன்னதும் அந்த நாட்களில்தான். நான் சரி என்று சொன்னதும் அப்போதுதான். தப்பு செய்தவன் வாயில் சரி என்ற வார்த்தை சுலபமாக வருகிறது.

பத்தாவது நாள் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"மாமா, நீங்க வுழுந்தீங்களே, அது என்னால. மாத்திரைய மாத்திக் குடுத்துட்டேன். நாலு நாளு."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல மாமா."

"ஏழு மாசமா சாவறதுக்குன்னு படுத்துனு இருந்தேனே மாப்ள. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது. படிக்கத் தெரிஞ்சப்புறம்."

"தெரிஞ்சி எத்தினி நாளாவுது?"

"பத்து நாளு."

"அந்தப் பத்து நாளுக்குத்தான் கோவம்," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கையால் சாப்பிடவில்லை. நர்கீஸ் வந்து கொடுத்தால் சாப்பிட்டார். விழுந்த அடியை அவர் பெரிதாக நினைக்கவில்லை. தன் உடம்பு முடிந்துபோய்விட்டது என்று நம்ப வைத்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. எனக்கும் அது அப்போதுதான் விளங்கியது. மூன்றாம் நாள் காலையில் நான் கண் விழித்துப் பார்த்தால் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். செருப்பும் மாட்டியாகிவிட்டது.

"இன்னா மாப்ள, ஜன்னல் வழியா பூ உள்ளயே வந்து கொட்டுது. இன்னும் பூக்கலன்றியே. எயுந்துரு. லுங்கி எடு."

அன்றைக்குப் பின்வாசற்படியிலிருந்து வேப்ப மரத்துக்குப் போக அரை மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு முறை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மரத்தடியில் என் பழைய லுங்கிகள் இரண்டைப் பிரித்து விரித்தோம். காற்று ஒருதரம் அசைந்தால் நொய்யரிசி கொட்டுவது மாதிரி பூ கொட்டுகிறது. தரையில் விழுந்தால் மண் ஒட்டிக்கொள்ளும், அதற்குத்தான் லுங்கி. அவர் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காம்பையும் எறும்பையும் ஊதித் தள்ளுகிறார். நான் கீழே உட்கார்ந்து லுங்கியை உதறி உதறிக் கொடுக்கிறேன். மொட்டு ஒரு பக்கம், விரிந்தது ஒரு பக்கம் என்று கம்பெனிப் பழக்கத்தில் நான் ரகம் பிரித்தால் திட்டு விழுகிறது. தோலைத் தட்டுற மாதிரி தட்டாதே, பூ அது என்கிறார். வெயில் ஏறினால் எழுந்திருக்க வேண்டும். அவரை எழுப்பிவிட்டு நான் எழ முடியாமல் உட்கார்ந்திருந்தால், தன் கைத்தடியை என்னிடம் நீட்டுகிறார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு வருகிறோம் என்று நர்கீஸ் மாடியிலிருந்து பார்த்துச் சிரிக்கிறாள்.

எனக்கு வாசனை தெரியாது என்பது உனக்குத் தெரியும். சுண்ணாம்பும் மருந்துத் தண்ணீரும் என் மூக்கை எப்போதோ தின்றுவிட்டன. ஒருநாள் வேப்பம்பூ எப்படி மணக்கும் என்று அவரிடம் கேட்டேன். ஒரு கை பூவை அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். தேன் கொஞ்சம், வெயிலில் காய்ந்த துணி கொஞ்சம், ஓரத்தில் ஒரு கசப்பு என்றார். பிறகு அவரே சிரித்தார்.

"ஒன் வூட்டு வாடைக்கு அப்ப நான் மூக்கப் பொத்துனேன். இப்ப அதே மூக்கத்தான் ஒனக்கு வாடகைக்கு வுட்டிருக்கேன் போ."

நாலு வருடத்தில் அந்தத் துண்டைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மொட்டைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன்.

உகாதிக்கு முந்தின நாள் பின்தெருத் தெலுங்குக்காரர்கள் பச்சடிக்கு வேப்பம்பூ கேட்டு வந்தார்கள். தாத்தா தன் கையால் அளந்து கொடுத்தார். ஏழு மாதத்தில் அவரிடம் ஒருவர் ஒன்றைக் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவர் குரலே வேறாக இருந்தது. இப்போது ஒரு டின் நிறையக் காய்ந்த பூ இருக்கிறது. நெய்யில் வறுத்து ரசம் வைத்துத் தருகிறேன், வா. மாத்திரைக்குக் கடைக்காரர் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறார். காலையில் நான் கவரைச் சத்தமாகப் படிக்கிறேன். தாத்தா கேட்டுவிட்டு, ம் என்று சொன்னால்தான் மாத்திரை வாய்க்குப் போகும். என்மேல் அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. வர வேண்டியதும் இல்லை, கேட்கட்டும்.

அதனால் அவரை இல்லத்துக்கு அனுப்ப மாட்டேன். நானும் பெங்களூர் வரவில்லை. ஆனால் முன்னால் சொன்னதை மறந்துவிடாதே, நான் களைத்துப் போயிருக்கிறேன். தாத்தா இன்னொரு முறை விழ மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. எண்பத்தெட்டு எண்பத்தெட்டுதான். விழுந்தாலும் மரத்தடியில் விழட்டும் என்று சொல்வதும் எனக்குச் சுலபம் இல்லை, தூக்கப்போவது நான்தானே. குளிப்பாட்ட ஒரு ஆள் பார்த்துக் கொடு. மாதத்தில் இரண்டு ஞாயிறு நீயே வந்து குளிப்பாட்டு. நர்ஸ் குளிப்பாட்டுவதும் பேரன் குளிப்பாட்டுவதும் ஒன்றில்லை. உதவி வேண்டும் என்று கேட்க எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. மருந்துக் கடையில் பட்ட வெட்கம் போதும் என்றுதான் கேட்கிறேன். நாளைக்கு உனக்கும் முடியாமல் போகும்போது யாரிடமாவது கேட்டுவிடு, நீயாக வெட்டுக் குறி போட்டுக்கொண்டு உட்காராதே. அந்தப் பாதி அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டு வெட்டும் தெரியும். பார்த்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. தாத்தா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். நீயும் அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வருவதை மட்டும் மாற்றாதே. தாத்தா ஏலகிரிக்குப் போக வேண்டும் என்கிறார். ஆயுசு முழுக்க இந்தப் பக்கம் போகும்போதும் வரும்போதும் தூரத்தில் பார்த்த மலை, ஒருமுறையும் மேலே ஏறியதில்லையாம். மேலே குளிர் ஜாஸ்தி, அங்கே வேம்பு இருந்தால் பூ எப்போது வரும் என்று பார்க்க வேண்டுமாம். பதினாலு வளைவு இருக்கிறது, வயிற்றைப் புரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்து, எனக்கு என்ன அவசரம் என்கிறார். வளைவுக்கு ஒரு பெயர்ப் பலகை இருக்கிறதாம். பதினாலையும் நான் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதுவரை எழுதியதை நேற்று அவருக்குப் படித்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் தூங்கவில்லை. பத்து நாள் மறைத்ததை முதலில் நான் எழுதாமல் விட்டிருந்தேன். அதையும் எழுது என்று சொல்லி எழுத வைத்தவர் அவர்தான். முடிந்ததும், இன்னும் ஒன்று சேர்க்க வேண்டும் என்றார். என்ன மாமா என்று பேனாவை எடுத்தேன்.

"பின் சீட்டுல படுக்க வெச்சிக் கூட்டினு போற வேல எல்லாம் வேணாம்னு எழுது. நான் முன்னாடிதான் ஒக்காருவேன்."

அதனால் நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பலகைகளை அங்கிருந்தே சத்தமாகப் படிக்கிறேன். நீ மெதுவாக ஓட்டு, எழுத்துக் கூட்ட எனக்கு நேரம் வேண்டும்.

அப்பா